இரண்டு மில்லிகிராம்

கோரிக்கைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.
ஆர்ஹூஸ் துறைமுகம் தெரியும் நான்காம் மாடி,
கதவில் என் பெயர்: போடில் ராஸ்க்.
வேதியியல் எனக்குத் தெரியாது.
யார் கேட்கிறார், எவ்வளவு, எதற்கு,
அதை வைத்துக் காசு பார்ப்பாரா மாட்டாரா,
இதைப் படித்துச் சொல்லத்தான் சம்பளம்.

பெரிய பல்கலைக்கழகம் இரண்டு வரியில் கேட்கும்,
கேட்பது போலவே இருக்காது.
சிறியவை நான்கு பக்கம் எழுதும்,
முதல் பக்கம் முழுக்க வணக்கம்.

நெலிதா உர்கீசா ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள்.
அர்ஜென்டினாவின் வடக்கு, சாந்தியாகோ தெல் எஸ்தேரோ.
அங்கே மண்சுவர் வெடிப்பில் ஒரு பூச்சியாம்.
தூங்குகிறவர் முகத்தில் கடித்து
அருகிலேயே எச்சமிட்டுப் போகுமாம்.
அவர்கள் சொறிந்துகொண்டு மறந்துவிடுவார்கள்.
இருபது வருடம் கழித்து இதயம் வீங்கும்.

"நீங்கள் கைவிட்ட கே-417
எங்களுக்கு இரண்டு மில்லிகிராம் போதும்.
கிள்ளிப் போடும் உப்பைவிடக் குறைவு."

கீழே ஃப்ரீசர் அறையில் ஈவரிடம் கேட்டேன்.
ஒன்பது குப்பி இருக்கிறது,
வெள்ளிக்கிழமை அழிக்கிறோம் என்றான்,
மீன் கடைக்காரன் கடைசி விலை சொல்வது போல.
அழிப்புத் தாளில் என் கையெழுத்து வேண்டும்.
நான் போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
ஏழாம் விதி: கண்டுபிடிப்பது எதுவும் எங்களுடையது.
ஒன்பதாம் விதி: வெளியே பேசக் கூடாது.
கையெழுத்துடன் திரும்பி வந்தபோது
ஒன்பதாம் விதியின் மேல்
நீலப் பேனாவில் மெல்லிய கோடு ஒன்று.
பார்த்தேன்.
பார்க்காதவள் போலக் கோப்பில் வைத்தேன்.

முதல் பெட்டி பதினொரு நாள் சுங்கத்தில் கிடந்தது.
உலர்பனி தீர்ந்து, வெந்நீர் குடித்த பனிக்கட்டி போல
ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்தது.
இரண்டாவதை யாரையும் கேட்காமல் அனுப்பினேன்.
செலவு விளம்பரப் பிரிவின் கணக்கில்.

பதினான்கு மாதம் கழித்து அவள் கடிதம்.
"வேலை செய்யவில்லை.
மூன்று முறை செய்து பார்த்தோம்.
ரமீரோ இதில்தான் பட்டம் வாங்குவதாக இருந்தான்,
இப்போது வேறு தலைப்பு தேடுகிறான்.
இனி யாராவது இதைக் கேட்டால் சொல்லிவிடுங்கள்,
அவர்களுக்கு ஒரு வருடமாவது மிஞ்சும்.
நன்றி. பெட்டியின் நுரைப்பஞ்சை வைத்துக்கொண்டோம்,
இங்கே அது கிடைப்பதில்லை."

கோப்பை மூட ஆவண அறைக்குப் போனேன்.
கே-417, பழுப்பு அட்டை, பதினாறு பக்கம், 2008.
கீழே இருந்தது எனக்குத் தெரிந்த கையெழுத்து.
அவர் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டித் தந்தவள் நான்.
கடைசி வரி:
இந்த நோயின் இதயத்துக்குப் பயனில்லை.
வேதியியல் தெரியாதவளுக்கும் புரியும் வாக்கியம்.
அதன்மேல் சிவப்பு முத்திரை: உள் உபயோகத்துக்கு மட்டும்.

சட்டப் பிரிவில் லாசேயிடம் கேட்டேன்.
தோல்வியும் சொத்துதான் போடில், என்றான்.
அவன் கெட்டவன் இல்லை,
மதியம் தன் ரொட்டியில் பாதியை எனக்குத் தருபவன்.

இன்று பொலிவியாவிலிருந்து ஒரு கடிதம்.
கொச்சபாம்பா. சாந்தூசா கொண்டோரி.
அதே பூச்சி, அதே இதயம்,
அதே இரண்டு மில்லிகிராம்.
சட்டியில் இன்னும் ஏழு குப்பி இருக்கிறது,
அகப்பையில் வருவதற்குத் தடையில்லை.

மணி நான்குகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது.
ஸ்வீடன் கப்பல் ஒன்று விளக்கேற்றிக் கிளம்புகிறது.
திரையில் இரண்டு பொத்தான்: அனுமதி, மறுப்பு.
இரண்டும் பொய் சொல்லும்.

அடியில் 'குறிப்புகள்' என்றொரு கட்டம்,
இருநூறு எழுத்து வரை.
அறிக்கையைப் பற்றி எழுதவில்லை, எழுதினால் வேலை போகும்.
நெலிதாவின் முகவரியை அடித்தேன்.
பெட்டியைத் திறக்கும் முன்
இவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
எங்கள் கம்பெனியில் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை.
பெறுகிறவர் படிப்பார்.